கட்டில் எந்த நிலையில் வந்து இறங்கும்? பர்னிச்சரைப் பிரித்துப் பார்க்க ஓர் எளிய விளக்கம்

பர்னிச்சர் வாங்கப் போகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி அநேகமாக "என்ன மரம்?" என்பதுதான். எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் இது கொஞ்சம் கூடுதல். பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது, அதனால் தேக்கா, வேங்கையா, வேம்பா, இல்லை வெறும் பார்ட்டிகிள் போர்டா என்று விரலால் தட்டிப் பார்க்காமல் யாரும் நகர மாட்டார்கள். அடுத்த கேள்வி விலை, அப்புறம் கொஞ்சம் பேரம், அதோடு சரி. அந்தக் கட்டில் வீட்டுக்கு முழுதாக வருமா, நாலைந்து துண்டாக வருமா, அட்டைப் பெட்டிக்குள் பலகையும் திருகாணியுமாக வருமா, பூட்டிக் கொடுக்க ஆள் வருவாரா, சொன்ன விலையில் மெத்தை சேர்த்தியா என்பதையெல்லாம் கேட்பவர்கள் குறைவு. கேட்காமல் விட்டது எல்லாம் குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

சோபா, கட்டில், மேசை, பீரோ என்று பயன்பாட்டை வைத்துப் பிரிப்பதுதான் நமக்குப் பழக்கம். வியாபாரத்துக்குள் இருப்பவர்களுக்கு வேறு ஒரு பிரிப்பும் உண்டு. பொருள் எந்த நிலையில் கட்டப்பட்டு வருகிறது என்பது ஒன்று, எதை "ஒன்று" என்று எண்ணி விலை போடுகிறார்கள் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் வாங்குகிறவருக்கும் நல்லது, புதிதாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் நல்லது, ஆன்லைனில் விற்க நினைக்கிறவருக்கு ரொம்பவே நல்லது. ஏனென்றால் ஒரு மேசையைச் செய்து முடிக்க இத்தனை வேலை, இத்தனை செலவு என்று இருக்கிறது இல்லையா, அதில் எவ்வளவு பட்டறையில் முடிகிறது, எவ்வளவு நம் தலையில் விழுகிறது என்பதை மரம் தீர்மானிப்பதில்லை, அது வந்து சேரும் நிலைதான் தீர்மானிக்கிறது.

முழுதாக வருவது

முதல் வகை எல்லோருக்கும் தெரிந்தது. பட்டறையிலேயே முழுதாகச் செய்து, பாலிஷ் போட்டு, அப்படியே வண்டியில் ஏற்றி வருவது. இரும்பு பீரோ, பெரும்பாலான சோபா, தேக்கு நாற்காலி, சாமி அறைக்கான மர மண்டபம் இதெல்லாம் இந்த ரகம். வந்த அன்றே பயன்படுத்தலாம், இணைப்புகளைச் செய்தவர் தொழில் தெரிந்தவர், அதனால் ஆட்டம் இருக்காது. குறை என்னவென்றால் இடம். ஒரு பீரோ என்பது முக்கால்வாசி காற்றுதான், அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் வண்டி வாடகை கொடுக்கிறோம்.

இது வெறும் பேச்சு இல்லை, கூரியர்காரர்கள் இதற்குக் கணக்கே வைத்திருக்கிறார்கள். பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000 என்ற எண்ணால் வகுத்து, வருகிற விடையைக் கிலோவாக எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம் (நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த எண் கொஞ்சம் மாறும்). உண்மையான எடை, இந்தக் கணக்கு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். 45 சென்டிமீட்டர் அகலம், 50 ஆழம், 90 உயரம் உள்ள ஒரு சாதாரண நாற்காலியை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 2,02,500. 5000 கொண்டு வகுத்தால் 40.5 கிலோ. தராசில் வைத்தால் 7 கிலோதான் இருக்கும், ஆனால் பில் 40 கிலோவுக்கு மேல் வரும். அதே நாற்காலியைக் கழற்றி, 90 நீளம் 50 அகலம் 12 உயரம் உள்ள தட்டைப் பெட்டிக்குள் போட்டால் 54,000, வகுத்தால் 10.8 கிலோ. நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். காரைக்குடியில் செய்கிற நாற்காலியைக் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ ஆன்லைனில் விற்க ஆசைப்படுகிறவர்கள் பலர் பொருளின் விலையைச் சரியாகப் போட்டுவிட்டு இந்த இடத்தில்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

முழுதாக வரும் பொருளுக்கு இன்னொரு சிக்கல் கதவு. செட்டிநாட்டு வீட்டு முகப்பில் யானையே நுழையலாம் போலத்தான் இருக்கும், ஆனால் வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி இருக்கும் அறைகளுக்குப் போனால் குறுகின கதவு, உயர்ந்த வாசற்படி, குனிந்து போக வேண்டிய நிலை. மாடிப்படி அதைவிட மோசம். இப்போது கட்டுகிற வீடுகளிலும் முன்வாசலைப் பெரிதாக வைத்துவிட்டுப் படுக்கையறைக்கு மூன்றடிக் கதவு வைக்கிறார்கள். அதனால் பொருளின் அளவை மட்டும் எழுதிக்கொண்டு கடைக்குப் போகக் கூடாது, அது கடந்து போக வேண்டிய ஒவ்வொரு கதவின் அளவையும், படி திரும்புகிற இடத்தின் அகலத்தையும் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

பாதி பிரித்து வருவது

இரண்டாம் வகையைக் கடைக்காரர்கள் கே.டி. என்பார்கள். நாக்-டவுன் என்பதன் சுருக்கம். முக்கியமான பாகங்கள் பட்டறையிலேயே முடிந்திருக்கும், பெரிய பாகங்களை மட்டும் தனியாகக் கொண்டு வந்து வீட்டில் போல்ட் போட்டு முறுக்குவார்கள். தலைமாட்டுப் பலகை ஒன்று, கால்மாட்டுப் பலகை ஒன்று, பக்கச் சட்டம் இரண்டு, நடுவே பலகைகள் என்று வரும் கட்டில் இதற்குச் சரியான உதாரணம். கால்களைத் தனியாகக் கழற்றி வரும் சாப்பாட்டு மேசையும் இதுதான். இரண்டு பேர் இருந்தால் அரை மணி நேர வேலை. கடையிலிருந்தே ஆள் வந்து பூட்டிக் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கம், ஆனால் அது விலைக்குள் சேர்த்தியா, தனிக் கூலியா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இது ஏதோ புது நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். பழைய வீடுகளில் இருக்கும் பெரிய கட்டில்கள் பல இப்படிப் பிரிகிற கட்டில்கள்தான். ஒரு கட்டையில் துளை, இன்னொரு கட்டையில் அதற்குள் நுழையும் முனை, குறுக்கே ஓர் ஆப்பு. ஆப்பைத் தட்டி எடுத்தால் சட்டம் கழன்று வந்துவிடும், ஆசாரி திரும்ப அடித்தால் அசையாமல் நிற்கும். ஊஞ்சலை எடுத்துக்கொண்டால் இன்னும் சுத்தம். பலகை தனி, சங்கிலி தனி, மேலே உத்திரத்தில் கொக்கி. கல்யாணத்துக்குப் பத்திரமாக இறக்கிச் சாத்தி வைத்து, விசேஷம் முடிந்ததும் மாட்டிவிடலாம்.

அட்டைப் பெட்டிக்குள் வருவது

மூன்றாம் வகைதான் இன்றைக்கு அதிகம் குழப்புகிறது. பிளாட் பேக் என்பார்கள், வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் ரகம். ஒரு தட்டையான பெட்டி, உள்ளே வெட்டித் துளை போட்ட பலகைகள், ஒரு பொட்டலம் திருகாணி, மரக்குச்சிகள், வட்டமாகத் திருகிப் பூட்டுகிற மினிஃபிக்ஸ், ஒரு எல்-கீ, படம் போட்ட ஒரு தாள். மரக்குச்சி பலகையைச் சரியான இடத்தில் நிறுத்தும், மினிஃபிக்ஸ் அதை இழுத்துப் பிடிக்கும், எல்-கீ மற்ற போல்ட்டுகளை முறுக்க. பெரும்பாலும் வேறு கருவி தேவைப்படாது.

இதைக் கண்டுபிடித்தது ஐகியா என்று பலர் சொல்வார்கள். 1956இல் ஐகியாவின் வடிவமைப்பாளர் கில்லிஸ் லுண்ட்கிரென் ஒரு மேசையைக் காரில் ஏற்ற முடியாமல் அதன் கால்களைக் கழற்றினார், அதிலிருந்துதான் அந்த நிறுவனத்தின் தட்டைப் பெட்டி வியாபாரம் பிறந்தது என்பது அவர்களே சொல்லும் கதை. ஆனால் அதற்குச் சுமார் நூறு வருடம் முன்பே, 1859இல், மிக்கேல் தோனெட் என்பவர் 14ஆம் எண் நாற்காலி என்று ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். நீராவியில் மரத்தை வளைத்துச் செய்தது. மொத்தமே ஆறு மரப்பாகம், பத்துத் திருகு, இரண்டு நட்டு. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி போகும். கப்பலில் பெட்டியாகப் போய், இறங்கின ஊரில் பூட்டி விற்றார்கள். தட்டைப் பெட்டியின் லாபம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. லாபம் மரத்தில் இல்லை, கப்பலில் மிச்சமான இடத்தில் இருந்தது. ஐகியா இந்தியாவில் முதல் கடையை ஹைதராபாத்தில் 2018இல்தான் திறந்தது, ஆனால் அதற்கு முன்பே ஆன்லைன் கடைகள் வழியாகத் தட்டைப் பெட்டிகள் தேவகோட்டை, பள்ளத்தூர் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டன.

இந்த வகையில் எனக்குப் பிடித்ததும் உண்டு, பிடிக்காததும் உண்டு. விலை குறைவு, பழுதில்லாமல் வருகிற வாய்ப்பு அதிகம், குறுகின மாடிப்படியிலும் தலைமேல் வைத்து ஏற்றிவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரித்துக் கொண்டுவர முடியும் என்பது வேறு, திரும்பத் திரும்பப் பிரித்துப் பூட்ட முடியும் என்பது வேறு. தேக்குக் கட்டிலை எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம், இரும்பு போல்ட் இரும்பு நட்டில்தான் இறுகுகிறது. பார்ட்டிகிள் போர்டு அலமாரியில் திருகாணி மரத்தூளைப் பசைபோட்டு அழுத்தின பலகைக்குள் இறங்குகிறது. ஒருமுறை கழற்றி மறுபடி முறுக்கினால் துளை கொஞ்சம் தளரும், அடுத்த முறை இன்னும் தளரும், அப்புறம் கதவு ஒரு பக்கம் தொங்க ஆரம்பிக்கும். தண்ணீர் பட்டால் ஓரம் உப்பும். வேலை நிமித்தமாக இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வீடு மாறுகிறவர்கள், "இது பிரிகிற ரகம், எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்" என்று கடையில் சொல்வதை அப்படியே நம்பிவிடாமல், எந்தப் பலகை, எந்த மாதிரி இணைப்பு என்று கேட்க வேண்டும். ஒட்டுப்பலகை என்கிற பிளைவுட் இந்த விஷயத்தில் பார்ட்டிகிள் போர்டைவிட எவ்வளவோ தேவலை.

பெட்டியைத் திறக்கிறபோது திருகாணிப் பொட்டலத்தை முதலில் எண்ணிவிடுங்கள். தாளில் ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை போட்டிருக்கும். பாதி பூட்டின பிறகு இரண்டு மினிஃபிக்ஸ் குறைகிறது என்று தெரிந்தால், மிச்சத்தைக் கழற்றவும் முடியாமல் அப்படியே நிறுத்தவும் முடியாமல் வளவு நடுவே ஓர் எலும்புக்கூடு நிற்கும், கம்பெனியிலிருந்து உதிரி வரும்வரை பிள்ளைகளை அதன் பக்கம் விடாமல் காவல் காக்க வேண்டும்.

அடுக்குகிற வகை என்று ஒன்று இருக்கிறது, ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்டூல். இதில் சொல்ல அதிகம் இல்லை. கழற்றவே வேண்டாம், ஆனாலும் இடம் மிச்சம். பந்தல்காரர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும்.

சுருட்டி வருவது என்று இன்னொரு புது வகை உண்டு. மெத்தையைக் காற்றை உறிஞ்சிச் சுருட்டி ஒரு நீளப் பெட்டிக்குள் போட்டு அனுப்புகிறார்கள். நம் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டுவதில் இயந்திரம் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஃபோம் மெத்தைக்கும் சில ஸ்பிரிங் மெத்தைக்கும் இது சரிப்படும், தேங்காய் நார் மெத்தை அப்படிச் சுருளாது. பிரித்த பிறகு முழு உயரத்துக்கு எழும்ப ஒன்றிரண்டு நாள் விட வேண்டும். ஒருமுறை பிரித்தால் வீட்டில் திரும்பச் சுருட்ட முடியாது என்பதால், திருப்பிக் கொடுக்கும் விதி என்ன என்பதைப் பிரிப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

எது "ஒன்று"?

இதுவரை சொன்னது கட்டி வரும் நிலை. இனி எண்ணிக்கை. கேட்கச் சுலபமாகத் தோன்றும், சண்டை அதிகம் வருவதும் இங்கேதான்.

"3+1+1 சோபா" என்றால் ஐந்து பேர் உட்காரலாம், ஆனால் வருவது மூன்று பொருள்: மூன்று பேர் உட்காரும் ஒன்று, ஒற்றை இரண்டு. விலை மூன்றுக்கும் சேர்த்து ஒரே விலை. டீப்பாய் அதில் சேராது, விளம்பரப் படத்தில் மட்டும் நடுவே நிற்கும். "ஆறு பேர் டைனிங் செட்" என்றால் மேசையும் ஆறு நாற்காலியும், சில கடைகளில் நாலு நாற்காலியும் ஒரு பெஞ்சும். எல் வடிவ சோபா ஒன்று என்று விற்றாலும் இரண்டு துண்டாக வரும், நீளக் கை இடது பக்கமா வலது பக்கமா என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லியாக வேண்டும். அதிலும் எதிரே நின்று பார்க்கிறபோது இடதா, உட்கார்ந்தால் இடதா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், கடைக்குக் கடை இது மாறுகிறது.

கட்டில் விலையில் மெத்தை பெரும்பாலும் கிடையாது. இதில் பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை. இப்போதைய கட்டில்களும் மெத்தைகளும் 78க்கு 60 அங்குலம், 78க்கு 72 அங்குலம் என்று அளவு வைத்து வருகின்றன, தாத்தா காலத்துக் கட்டில் இந்த எந்த அளவுக்கும் பொருந்தாது. கட்டிலை அளந்து கொடுத்து மெத்தையைத் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும். அதாவது ஒரே அறையில் கட்டில் பழைய சரக்கு, மெத்தை ஆர்டர் சரக்கு.

கல்யாணச் சீர் வரிசைக்கு என்றே எங்கள் பக்கக் கடைகளில் செட் போடுவார்கள். கட்டில், பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள், சில சமயம் மெத்தை தலையணையோடு ஒரே விலை. நகரத்தார் கல்யாணங்களில் சாமான் பரப்புவது என்று ஒரு வழக்கம் உண்டு, கொடுக்கிற சாமான்களை எல்லோரும் பார்க்கும்படி வரிசையாக வைப்பார்கள். அங்கே அட்டைப் பெட்டியையும் எல்-கீயையும் பரப்பி வைக்க முடியாது. அதனால் இந்தச் செட் எல்லாம் முழுதாகவோ, முன்னாலேயே வந்து பூட்டிக் கொடுப்பதாகவோதான் இருக்கும், கடைக்காரரும் அந்தக் கூலியை விலைக்குள் வைத்தே சொல்வார். "ஆச்சி, முகூர்த்தத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஆள் வந்து மாட்டிருவாக" என்று அவர் சொல்கிறபோது, விற்பது நாலு சாமான் மட்டும் இல்லை, அந்த இரண்டு நாள் நிம்மதியும் சேர்ந்துதான். செட்டாக எடுத்தால் தனித்தனியே எடுப்பதைவிட மலிவாக இருக்கலாம். இருந்தாலும் ஒவ்வொன்றின் விலையையும் தனியே எழுதி வாங்குங்கள், பீரோவில் மட்டும் குறை என்றால் எவ்வளவு திருப்பிக் கேட்பது என்று அப்போதுதான் தெரியும்.

ஒரு செட் பல பொருளாக இருப்பதைப் போலவே, ஒரு பொருள் பல பெட்டியாகவும் இருக்கும். மூன்று கதவு அலமாரி ஒன்று தட்டைப் பெட்டியில் வந்தால் 1/3, 2/3, 3/3 என்று மூன்று பெட்டியாக வரும். பக்கப் பலகைகள் ஒன்றில், கதவுகள் ஒன்றில், தட்டுகளும் உதிரியும் ஒன்றில். பெட்டியில் இருக்கும் இந்த எண்ணைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால், விடுபட்ட பெட்டிக்கு அலைய வேண்டியிருக்கும். கடைக்காரருக்கு இது சரக்கு இருப்புக் கணக்கு. முதல் பெட்டி 5, இரண்டாம் பெட்டி 4, மூன்றாம் பெட்டி 6 குடோனில் இருந்தால், மொத்தம் 15 பெட்டி, ஆனால் விற்கக்கூடிய அலமாரி 4 மட்டும்தான். எது குறைவோ அதுதான் இருப்பு. புதிதாகக் கணக்கு எழுத வருகிறவர்கள் பெட்டியை எண்ணி 15 என்றோ, மூன்றால் வகுத்து 5 என்றோ எழுதிவிடுவார்கள், ஐந்தாவது ஆளுக்குப் பில் போட்ட பிறகு கதவுப் பெட்டி இல்லாதது தெரியும். அதனால் ஒரு நல்ல பட்டியலில் பொருளுக்கு ஒரு குறியீடு, பெட்டிக்கு ஒரு குறியீடு, எந்தப் பொருளுக்கு எந்தெந்தப் பெட்டி என்று இணைக்கும் ஒரு வரி, மூன்றும் இருக்க வேண்டும்.

சதுர அடிக்கு விற்பது இன்னொரு ரகம். மாடுலர் கிச்சன், சுவரோடு சேர்ந்த அலமாரி இதெல்லாம் இப்படித்தான். 7 அடி உயரம், 6 அடி அகலம் என்றால் 42 சதுர அடி, ஒரு அடிக்கு இவ்வளவு என்று பெருக்குவார்கள். இது முன்பக்கப் பரப்பு மட்டும். உள்ளே தட்டு எத்தனை, இழுப்பறை எத்தனை, கைப்பிடி என்ன தரம், மேலே லாஃப்ட் சேர்த்தியா என்பதெல்லாம் அந்த ஒற்றை விலைக்குள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டு பேர் ஒரே சதுர அடி விலை சொன்னால் இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வகை அறைக்கு அறை அளந்து செய்வது என்பதால் வீடு மாறினால் எடுத்துப் போவதும் வீண்.

அரசு எப்படிப் பார்க்கிறது

பெட்டியில் வந்தால் வரி வேறா, முழுதாக வந்தால் வேறா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. வரிக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எச்.எஸ்.என். குறியீட்டில் உட்காரும் சாமான்கள் 9401, மற்ற பர்னிச்சர் 9403, மெத்தை வகை 9404. இந்தக் குறியீட்டு முறையின் பொது விதிகளில் இரண்டாவது, பூட்டாமல் பிரித்து வந்த பொருளையும் பூட்டின பொருளாகவே கருத வேண்டும் என்கிறது. ஆக பெட்டிக்குள் பலகையாக இருக்கும் அலமாரி, சட்டத்தின் கண்ணுக்கு அலமாரிதான், பலகை இல்லை. பொதுவாகப் பர்னிச்சர் என்றால் தரையில் வைப்பதற்குச் செய்தது என்று இந்தக் குறியீடுகள் வரும் 94ஆம் அத்தியாயத்தின் குறிப்பு சொல்கிறது, ஆனால் அலமாரி, புத்தகத் தட்டு, இருக்கை, கட்டில் போன்றவை சுவரில் மாட்டுவதாகவோ தொங்கவிடுவதாகவோ இருந்தாலும் உள்ளே வரலாம் என்று கூடவே விட்டுக்கொடுக்கிறது.

கம்பெனிப் பெட்டியாக வருகிற பொருளுக்கு 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் உண்டு. தயாரித்தவர் பெயர் முகவரி, என்ன பொருள், எத்தனை, எந்த மாதம் எந்த வருடம், எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, புகார் சொல்ல எண், வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் எந்த நாடு என்பதும் மேலே இருக்க வேண்டும். ஆசாரியிடம் சொல்லிச் செய்யும் கட்டிலுக்கு இப்படி ஒட்ட எந்த லேபிளும் கிடையாது. அங்கே நாம் எழுதி வாங்கும் சீட்டுதான் லேபிள்: என்ன மரம், என்ன அளவு, எத்தனை பாகம், பாலிஷ் சேர்த்தியா, எப்போது கொடுப்பார், முன்பணம் எவ்வளவு.

பழைய சாமான்

காரைக்குடியில் இருந்துகொண்டு முனீஸ்வரன் கோயில் தெருவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. இரண்டாம் உலகப் போரோடு நகரத்தாருக்குப் பர்மா வியாபாரம் கைவிட்டுப் போனது, அப்புறம் பராமரிக்க முடியாமலும் பாகம் பிரிக்க முடியாமலும் பல வீடுகள் கழற்றப்பட்டன, கதவும் தூணும் கட்டிலும் கல்லாப்பெட்டியும் எனாமல் தூக்குவாளியும் வெளியே வந்தன. இங்கே அட்டைப் பெட்டி கிடையாது, செட்டும் கிடையாது. நாலு நாற்காலி ஒரே மாதிரி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஆனாலும் வகை இருக்கிறது, சொல்லப்போனால் விலையை மாற்றுகிற வகை இங்கேதான் இருக்கிறது. ஒரே தூணை இரண்டு விதமாக விற்கலாம். தூணாகவே, வேலைப்பாட்டுக்கு மதிப்புப் போட்டு விற்றால் ஒரு விலை. அறுத்துப் பலகையாக்கிக் கன அடிக் கணக்கில் விற்றால் வேறு விலை. கன அடிக்குக் கணக்கு சுலபம்: நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் வைத்துப் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். 7 அடி நீளம், 6 அங்குல அகலம், 3 அங்குல கனம் உள்ள சட்டம் 126, வகுத்தால் 0.875 கன அடி. "பழைய தேக்குல செஞ்சது" என்று ஒரு மேசையைக் காட்டினால், அது பழைய மேசையா, பழைய உத்திரத்தை அறுத்து இப்போது செய்த மேசையா என்று கேளுங்கள். இரண்டாவதிலும் தப்பு ஒன்றும் இல்லை, மரம் நன்றாகக் காய்ந்தது, சீக்கிரம் கோணாது, ஆனால் அது ஆர்டர் சரக்கு, பழம்பொருள் விலை கொடுக்கத் தேவையில்லை. பழைய ஆணித் துளைகள் பொருளின் வடிவத்தோடு சம்பந்தமே இல்லாத இடங்களில் அடைத்து மெழுகியிருந்தால் அநேகமாக அது அறுத்துச் செய்ததுதான். கால் மட்டும் பழசு, மேல்பலகை புதுசு என்ற கலப்பும் நிறைய உண்டு.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள் வயதையும் கேட்க வேண்டியிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத கலைவேலைப்பாடுள்ள பொருள்கள் தொல்பொருள் கணக்கில் வரக்கூடும், அப்படி வந்தால் தனியார் அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது. அதனால் கடையில் பேரத்துக்காக "நூத்தம்பது வருஷத்துச் சாமான்" என்று சொல்வதை அப்படியே பில்லில் எழுதித் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள், அந்த இடத்தில் பல மேசைகளுக்குத் திடீரென்று வயது குறைந்துவிடும்.